ஃபார்மேட் மாமா

லேப்டாப் வாங்கலாமா என்று நீங்கள் வாய்விட்டு யோசித்த மறுகணமே, யாரும் கூப்பிடாமல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. அவர் கணினி விற்பவர் அல்லர், பழுது பார்ப்பவரும் அல்லர். நம் கதைக்கு உரியவர் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறார். ஆனாலும் அவர் தலையசைக்காமல் அவருடைய குடும்பத்துக்குள் ஒரு லேப்டாப் நுழைந்ததில்லை. அவருக்கு ஃபார்மேட் மாமா என்று பெயர் வைத்தவள் அவருடைய அக்கா மகள். அவர் எதிரில் வெறும் மாமாதான்.

அக்கா மகள் கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றவள். தனக்கு எது தேவை என்று அவளே பார்த்து, கைக்கு அடக்கமான ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். மாமா அதை ஒரு பார்வை பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரம் பிடிக்காதவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா..." என்றார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் போயிற்று. பிராசஸர் என்றார், கிராபிக்ஸ் கார்டு என்றார், திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதைத் தன் நாடித் துடிப்பைச் சொல்வதுபோல் சொன்னார், இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்த மாடல் என்றார், அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம் என்றார், கடைசியில் இரண்டு மாதம் பொறுத்தால் எல்லாமே பழசாகிவிடும் என்று சொல்லி எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தார். இவர் வாழ்நாளில் கணினியில் ஆடிய ஒரே ஆட்டம் சீட்டு அடுக்குவது. அதிலும் தோற்றால் கணினியைத்தான் குறை சொல்வார்.

வாங்கியது மாமா சொன்ன லேப்டாப்தான். அம்மிக்கல் கனம். விசைகளுக்கு அடியில் ஏழு நிற விளக்கு. தூக்கிப் பார்த்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது, கேமிங் லேப்டாப் என்றால் கனம் இருக்கத்தான் வேண்டும் என்றார் மாமா. அன்று கிளம்பும்போது வாசலில் நின்று அக்காவுக்குப் பராமரிப்பு விதிகளையும் அருளினார். அவற்றை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு மட்டும் ஞாபகசக்தி அதிகம்.

இரண்டே வாரத்தில் லேப்டாப் திணற ஆரம்பித்தது. விளையாட்டில் ஓட வேண்டிய பாத்திரம் சேற்றில் நடப்பதுபோல் நடந்தது. ஒரு மணி நேரத்தில் திரையே அணைந்துவிடும். பேட்டரி குறைகிறது என்று எச்சரிக்கை வருவதாக அவள் தொலைபேசியில் சொன்னாள். சார்ஜர் சொருகித்தானே இருக்கிறது என்று கேட்டார் மாமா. சொருகித்தான் இருந்தது. அப்படியானால் சாஃப்ட்வேர் பொய் சொல்கிறது, கண்டுகொள்ளாதே என்றார். கடைக்குக் கொண்டுபோகட்டுமா என்று அவள் கேட்டதுதான் தப்பு. மாமாவுக்குச் சுருக்கென்றது. "நான் உயிரோட இருக்கும்போது கடைக்காரன் கைவைக்கிறதா?"

இப்போது விஷயத்துக்கு வருவோம். அவள் இரண்டு மாதம் உழைத்து ஒரு சிறிய விளையாட்டைச் செய்திருந்தாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதைக் கடைசியாக ஓட்டிப் பார்த்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை கிடைக்கலாம். அனுப்பாவிட்டால் கிடைக்காது என்பது நிச்சயம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமா வந்து சேர்ந்தார், கையில் ஒரு திருப்புளியோடு.

அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். மின்விசிறித் துளையில் காது வைத்துக் கேட்டார். நீ என்ன செய்தாய் என்று அவளை மூன்று முறை விசாரித்தார். ஒன்றும் செய்யவில்லை என்று அவள் சொன்னதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, தீர்ப்பு சொன்னார்.

"ஃபார்மேட் பண்ணிடலாம்."

எல்லாம் அழிந்தது. புதிதாக எல்லாம் ஏற ஆரம்பித்தது. நாற்பது சதவீதம் வந்தபோது திரை கறுத்தது. மாமா விசையை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். ஏழு நிறத்தில் ஒரு நிறம்கூட வரவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தன்னால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய வேலை கைநழுவப் போகிறது என்று அவருக்கு நிஜமாகவே உறைத்தது. அப்போதும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நீ முன்னாடியே காப்பி எடுத்து வெச்சிருக்கணும்."

"எடுத்துட்டேன் மாமா. நீங்க வர்றீங்கன்னு அம்மா சொன்னதுமே அதைத்தான் பண்ணினேன்."

அவர் அதைக் கேட்டு நிம்மதி அடைவதா, கோபப்படுவதா என்று முடிவு செய்வதற்குள், துடைப்பத்தோடு வந்த அக்கா, அலமாரிக்குப் பின்னால் சார்ஜர் சொருகியிருந்த இடத்தை எட்டிப் பார்த்தாள். "சுவிட்ச் போடலையே, இன்னிக்கு மட்டும் பகல்ல போடவா?"

மாமா திரும்பினார். "அதை யார் அணைச்சது?"

"நான்தான். பகல்ல சுவிட்ச் அணைஞ்சே இருக்கணும், ராத்திரி மட்டும் போடணும், இல்லேன்னா பேட்டரி பாழாயிடும்னு நீதானே வாசல்ல நின்னு சொன்னே. தினமும் பெருக்கும்போது மறக்காம அணைச்சுடறேன்."

சுவிட்ச் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஏழு நிறமும் வந்தன. மின்சாரம் இல்லாதபோது அந்த வகை லேப்டாப் பாதி பலத்தில்தான் ஓடும் என்பதை அக்கா மகள் பெட்டியோடு வந்த கையேட்டில் படித்துக் காட்டினாள். மாமா கையேட்டை வாங்கி, அது பழைய பதிப்பா என்று அச்சிட்ட தேதியைப் பார்த்தார். எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, காப்பியிலிருந்து விளையாட்டை எடுத்து, ஓட்டிப் பார்த்து, நாலே முக்காலுக்கு அவள் அனுப்பினாள். பாத்திரம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அன்று மாலையே மாமா நண்பருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கரண்ட் பிரச்சினைன்னு எனக்கு மொதல்லயே ஒரு சந்தேகம். இருந்தாலும் ஒரு ஃபார்மேட் போட்டுப் பார்த்தேன்." அடுத்த ஞாயிறு அந்த நண்பரின் வீட்டுக்குப் போகிறார். திருப்புளி தயார்.

சரி, சிரித்துவிட்டீர்கள். ஒன்று கேட்கட்டுமா? லேப்டாப் திணறுகிறது என்று நான் எழுதியதுமே, சூடாகியிருக்கும், தூசி அடைத்திருக்கும், டிரைவர் பழசாக இருக்கும் என்று உங்கள் மனசு ஒரு பட்டியல் போட்டதா இல்லையா? போட்டிருந்தால், உங்கள் வீட்டில் நீங்கள் இல்லாதபோது உங்களை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.