வாழைமட்டையில் ஆல் வீல் டிரைவ்

மாதங்கியின் கார் இந்தச் சனிக்கிழமையோடு எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு மட்டும்தான் என்னுடையது. கார் அவளுடையது. ஆர்.சி. அவள் பெயரில் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கார் உக்கிரபாண்டியின் பழைய கார் யார்டுக்குப் போகும். அது அங்கே போனால்தான், அங்கிருந்து ஒரு ஆல் வீல் டிரைவ் கார் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணக் காரில் இன்ஜின் இரண்டு சக்கரங்களைத்தான் சுழற்றும். மற்ற இரண்டும், பெண் பார்க்கக் கூட வந்த சித்தப்பா மாதிரி, சும்மா உருண்டு வரும். ஆல் வீல் டிரைவில் நான்கு சக்கரமும் உழைக்கும். வேகமான கார்களுக்கு அது ரொம்ப முக்கியம். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். ஸ்கூட்டரில் போய் வருகிறவன். ஆனாலும் எனக்கும் அது ரொம்ப முக்கியம்.

உக்கிரபாண்டியிடம் அப்படி இரண்டு கார்கள் நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். எது சிறந்தது என்று பல மாதங்களாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை எல்லாம் சாப்பிடும்போது மாதங்கியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பாள். காதில் வாங்குகிறாளா என்பது தெரியாது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

"சிவப்புல எப்பவும் முன் சக்கரம்தான் இழுக்கும். பின்னாடி ரெண்டும் சும்மா வரும். முன்னாடி வழுக்குனா மட்டும் நடுவுல ஒரு கிளட்ச் பிடிச்சு, பின்னாடிக்குப் பவரை அனுப்பும்."

"அதுவரைக்கும் பின்னாடி இருக்கறவருக்கு வேலையே இல்லையா?"

"தேவைப்பட்டா கூப்பிடும்."

"நல்ல வேலையா இருக்கே."

"நீலம் அப்படி இல்ல. நாலுக்கும் எப்பவும் பவர் போகும். எது வழுக்குதோ அதுகிட்ட இருந்து எடுத்து, எது பிடிக்குதோ அதுக்குக் கொடுக்கும். ஆனா வெயிட்டு ஜாஸ்தி. பெட்ரோல் குடிக்கும். சிவப்பு லேசு, ஓட்டுறதுக்குச் சுறுசுறுப்பு. என்ன, ரொம்ப நேரம் வழுக்குனா அந்தக் கிளட்ச் சூடாகிரும்."

"சூடாகி?"

"வேலையை நிறுத்திட்டு உக்காந்துரும். ஆறுனாதான் எந்திரிக்கும்."

"மோர் ஊத்தவா?" என்றாள் மாதங்கி.

அவள் கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகுதான் கார் ஓட்டப் பழகினாள். காலையில் அந்தச் சின்னக் காரில் ஏறிக் கதவைச் சாத்துவாள். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு, என் துண்டு எங்கே, கேஸ் புக் பண்ணியாச்சா என்று யாரும் அவளிடம் எதுவும் கேட்க முடியாது. அந்தச் சத்தத்துக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வியாழக்கிழமை நான் விஷயத்தை உடைத்தேன்.

"உன் வண்டியைக் குடுத்துட்டு பெரிய வண்டி எடுத்துரலாம்."

"அதை நான் எப்படி ஓட்டுறது?"

"நீ எதுக்கு ஓட்டணும்? நான் கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் வந்து கூப்பிட்டுக்கிறேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. ரசம் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"உங்க வீடியோவுல எல்லாம் பனியில ஓட்டுறாங்க. மதுரையில பனி எங்கங்க பெய்யுது?"

"மழை பெய்யும்ல."

"எப்ப?"

"ஐப்பசியில."

"ஐப்பசிக்காக வருஷம் பூரா நான் உங்களுக்குக் காத்துக்கிட்டு கேட்ல நிக்கணுமா?"

குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் ஆண்கள் செய்வதையே நானும் செய்தேன். சவால் விட்டேன்.

"சரி, டெஸ்ட் வச்சுப் பாத்துருவோம். மூணு சக்கரத்தை வழுக்குற இடத்துல நிப்பாட்டணும். ஒரே ஒரு சக்கரம் தரையில. எந்த வண்டி மொதல்ல வெளிய வருதோ அது நம்ம வீட்டுக்கு. உலகம் பூரா இப்படித்தான் டெஸ்ட் பண்றாங்க."

"என் வண்டி ஜெயிச்சுட்டா?"

நான் சிரித்தேன். "ஜெயிச்சுட்டா, சக்கரம்ங்கிற வார்த்தையையே இந்த ஜென்மத்துல பேச மாட்டேன்."

"சரிங்க" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் 'சரிங்க' சொன்னது நிச்சயதார்த்தத்தின்போதுகூடக் கிடையாது.

வெளிநாட்டில் இந்த டெஸ்டுக்கு இரும்பு உருளைகள் வைத்திருக்கிறார்கள். மதுரையில் அதற்கு எங்கே போவது? ஆனால் முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் எந்த மண்டபத்து வாசலிலும் வாழைமரங்கள் சாய்ந்து கிடக்கும். வாழைமட்டையை உரித்து, தண்ணீர் தெளித்து, அதன் மேல் கால் வைத்துப் பாருங்கள். உருளை தோற்றுப்போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மரங்களைத் துண்டு போட்டு மாதங்கியின் காரிலேயே ஏற்றி வந்தேன். பின் சீட்டு முழுக்க வாழைக்கறை. போகப்போகிற வண்டிதானே என்று விட்டுவிட்டேன்.

"பாத்திரம் கழுவுற சோப்பையும் கொஞ்சம் ஊத்திட்டா இன்னும் நல்லா வழுக்கும்" என்றேன்.

"வேண்டாங்க. மழை பெஞ்சா அந்தத் தண்ணி கண்மாய்க்குத்தான் போகும். பச்சைத் தண்ணி போதும்."

எவ்வளவு பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம். கீழக்குயில்குடிக்குப் போகிற வழியில், சமணர் மலை தெரிகிற ஒரு பொட்டல். உக்கிரபாண்டியின் யார்டுக்குப் பின்புறம்தான். அவன் சிவப்பு, நீலம் இரண்டையும் கழுவி நிறுத்தியிருந்தான். நடுவராக மாதங்கி தன் பள்ளியிலிருந்து ஹெப்சிபா டீச்சரைக் கூட்டி வந்திருந்தாள். ஹெப்சிபா விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில். கையில் ஒரு டப்பா சுண்ணாம்புத் தூள். ஸ்போர்ட்ஸ் டேக்குப் போடுவது மாதிரி நேராக ஒரு கோடு போட்டாள்.

"முன் சக்கரம் இந்தக் கோட்டைத் தாண்டணும். யார் மொதல்ல தாண்டுறாங்களோ அவங்கதான். ரூல்ஸ் சொல்லுங்க சார்."

நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். "தரையில நிக்கிற ஒரு சக்கரம் ரெண்டு வண்டிக்கும் பின்பக்கம் இடதுதான். வண்டியை விட்டு யாரும் இறங்கக் கூடாது. வெளிய நிக்கிறவங்களும் மட்டையில கை வைக்கக் கூடாது."

இதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. மாதங்கியின் காரில் இன்ஜின் முன் சக்கரங்களை மட்டும்தான் சுழற்றும். அதன் பின் சக்கரம் தரையில் நின்றாலும் ஒன்றுதான், மட்டையில் நின்றாலும் ஒன்றுதான். என் வண்டியோ பின்பக்கத்துக்குப் பவரை அனுப்பி, அந்த ஒற்றைச் சக்கரத்தால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆரம்பிக்கும் முன்பே அவள் தோற்றாயிற்று.

மாதங்கி ஒன்றே ஒன்று கேட்டாள். "நேரக் கணக்கு எதுவும் உண்டா?"

"எம்புட்டு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க."

"நீங்க ரெண்டுல எந்த வண்டிங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இத்தனை மாதமாகியும் நான் முடிவு செய்திருக்கவில்லை. நீலத்தைப் பார்த்தேன். சிவப்பைப் பார்த்தேன். மறுபடி நீலம்.

"சிவப்பை எடுத்துக்கங்க. உங்க சட்டைக்கு நல்லா இருக்கு" என்றாள்.

நான் சட்டையைக் குனிந்து பார்த்தேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. சிவப்பில் ஏறினேன்.

"அண்ணே, பாத்து" என்றான் உக்கிரபாண்டி. "இன்னும் நம்ம வண்டிதான் அது."

இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் மட்டை மேல் ஏறி நின்றன. கோடு வரைக்கும் இரண்டு அடுக்காக ஈர மட்டை. ஹெப்சிபா விசில் ஊதினாள்.

மிதித்தேன். இன்ஜின் உறுமியது. மட்டை பிய்ந்து பின்னால் பறந்தது. முன் சக்கரங்கள் வெறும் இடத்தில் சுற்றின. ஒரு கணம். பிறகு நடுவில் ஏதோ 'டக்' என்று பிடித்தது. நான் சாப்பாட்டு மேசையில் ஆயிரம் தடவை சொன்ன அந்த டக். வண்டி ஒரு சாண் முன்னால் வந்தது.

பக்கத்தில் பார்த்தேன். மாதங்கி இன்ஜினையே போடவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தோல்வியை ஒத்துக்கிட்டியா?" என்று கத்தினேன்.

"நீங்க வாங்க. நான் மெதுவா வாரேன்."

மறுபடி மிதித்தேன். இன்னொரு சாண். மட்டை கூழாகி, முன்பைவிட மோசமாக வழுக்கியது. பின்னால் வலது சக்கரம் சுற்றியது, இடது பிடித்தது, விட்டது, பிடித்தது. கோட்டுக்கு இன்னும் ஒரு ஆள் படுக்கிற தூரம். பாதித் தூரம் வந்துவிட்டேன். ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. உக்கிரபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்போது எனக்கு முன்னால் இருந்த திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. சிஸ்டம் சூடாகிவிட்டதாம். ஆல் வீல் டிரைவ் தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறதாம். ஆறும்வரை காத்திருக்க வேண்டுமாம்.

வண்டி அப்படியே நின்றது. முன் சக்கரம் மட்டும் கூழில் சுற்றியது. சரி, ஆறட்டும். இன்ஜினை அணைத்தேன். அவளால் எப்படியும் நகர முடியாது. நேரக் கணக்கும் இல்லை.

அந்த அமைதியில்தான் மணிச் சத்தம் கேட்டது.

மலைப் பக்கமிருந்து ஆடுகள் வந்தன. பத்து, இருபது, பிறகு பொட்டல் முழுக்க. பின்னால் கையில் கம்போடு இருளாயி. அவள் மகள் மாதங்கியின் வகுப்பில் படிக்கிறாள். ஆடுகள் ஒரு கணம் நின்றன. மூக்கைத் தூக்கின. என் கார் சூட்டில் புகைந்துகொண்டிருந்தது. ஒரு ஆடும் கிட்டே வரவில்லை. மாதங்கியின் கார் சத்தமில்லாமல், குளிர்ச்சியாக, பச்சை மட்டை விரித்து உட்கார்ந்திருந்தது.

எல்லாம் அங்கே போயின.

'கறுக் கறுக்' என்று சத்தம். கோட்டுப் பக்கமிருந்து தின்றுகொண்டே வந்தன. நான் திரையைப் பார்த்தேன். ஆறவில்லை. ஆடுகளைப் பார்த்தேன். மேல் அடுக்கு போய்விட்டது. திரையைப் பார்த்தேன். ஆறவில்லை.

ஹாரன் அடித்தேன். மதுரை மினி பஸ்ஸுக்கே வழிவிடாத ஆடுகள். ஒரு கிடா மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, மென்றுகொண்டே பார்த்தது.

"டீச்சர், ஆட்டை விரட்டுங்க" என்றேன் ஹெப்சிபாவிடம்.

"விரட்டுனா மட்டையில கை படும் சார். நீங்க போட்ட ரூல்ஸ்."

"அப்ப நான் இறங்குறேன்."

"இறங்குனா அவுட்."

"ஆடு திங்கிறது மட்டும் சரியா?"

"ஆட்டுக்கு ரூல்ஸ் நீங்க போடலையே சார்."

திரையில் எழுத்து மறைகிற மாதிரி இருந்தது. மறைந்தது. இன்ஜினைப் போட்டேன். 'டக்.' பிடித்துவிட்டது. ஒரு சாண். இன்னும் ஒரு சாண். கோடு கண்ணுக்கு முன்னால். பக்கத்தில் மாதங்கியின் முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு குட்டி தலையை நுழைத்து, கடைசித் துண்டை இழுத்துக்கொண்டிருந்தது. இழுபடவில்லை. நான் மிதித்தேன். குட்டி காலை ஊன்றி இழுத்தது. என் சக்கரம் கோட்டுக்கு ஒரு கை தூரத்தில். அந்தத் துண்டு பிய்ந்து வந்தது. குட்டி அதைக் கவ்விக்கொண்டு ஓடியது.

என் திரையில் மறுபடி அறிவிப்பு.

மாதங்கி கடலைத் தோலைக் கைப்பையில் போட்டாள். சாவியைத் திருப்பினாள். செம்மண் தரையில், பள்ளிக்கூடத்துக்குப் போவது மாதிரி, கியர் மாற்றி, கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். ஹெப்சிபா விசில் ஊதினாள்.

"டீச்சர், ஆடு நேரத்துக்கு வந்துச்சா?" என்றாள் இருளாயி. "நீங்க சொன்னீகன்னுதான் காலையில மேய விடாம வச்சிருந்தேன். சோப்பு கீப்பு ஒண்ணும் இல்லைல்ல?"

"இல்லக்கா. நான் பாத்துக்கிட்டேன்."

நான் கதவைத் திறந்து இறங்கினேன். கால் வழுக்கியது.

"சிவப்பு சூடாகும்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். மோர் ஊத்துறதுக்கு முன்னாடி."

திரும்பும்போது முன் சீட்டில் ஹெப்சிபா டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் பழங்காநத்தம்தான். நான் பின் சீட்டில், வாழைக்கறை மேல். மாதங்கி கதவைச் சாத்தினாள். 'டப்.' பாதி வழியில் தூறல் பிடித்தது. தார் ரோடு மினுமினுத்தது. சக்கரம் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. முன்னால் சாய்ந்தேன்.

கண்ணாடியில் மாதங்கி என்னைப் பார்த்தாள்.

"சும்மா சாஞ்சு உக்காந்து வாங்க. தேவைப்பட்டா கூப்பிடுறேன்."

வீடு வரும்வரை அவள் கூப்பிடவில்லை.