மாமா கடைக்கு வந்த வரிக்கடன்

ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியாதவர்கள் செய்யவே கூடாத வேலை மொழிபெயர்ப்பு. நான் அதைத்தான் செய்தேன். பஸ் நிற்கும் முன்பே கதவடியில் போய் நிற்பவள் நான். மற்றவர்கள் சொல்லும் பகிடிக்கு முடிவை நானே சொல்லி, நானே சிரித்தும் விடுவேன். (எட்டாம் மாதமே பிறந்துவிட்டேனாம். அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.)

அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில், பழைய கட்டிடங்களைத் திருத்திக் காப்பாற்றும் ஒரு சின்ன அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் கண் முழுக்கக் கொட்டாஞ்சேனையில் இருந்த மாமாவின் கடைமேல்தான். மாமா, அம்மாவின் தம்பி. ஆணி, பைப், பெயின்ட் விற்கிற ஹாட்வெயார் கடை. உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. அழகெல்லாம் வெளியே: மேல்மாடி யன்னல்களில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி, கூரை விளிம்பு நெடுக மரத்தில் வெட்டிய பூவேலை. மாமாவோ அதையெல்லாம் அலுமினியத் தகட்டால் மூடி, லைட் எரிகிற போர்ட் வைக்க விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வெள்ளைக்கார நிபுணர் வந்தார். அவருடைய நாட்டில், பழைய கட்டிடத்தை உருக்குலைக்காமல் திருத்துகிறவருக்கு, செலவில் ஒரு பங்கை அவர் கட்டவேண்டிய வரியில் குறைத்துவிடுவார்களாம். தச்சனுக்கும் மேசனுக்கும் வேலை, பூட்டிக் கிடந்த மேல்மாடிக்கு வாடகை, தெருவுக்குச் சனம். விட்டுக்கொடுத்த வரி வேறு வழியால் அரசாங்கத்துக்கே திரும்பி வந்துவிடுமாம். இங்கேயும் அப்படி ஒன்று கேட்டுப் பார்ப்போம், முதலில் கட்டிடச் சொந்தக்காரர்கள் சம்மதிக்கட்டும் என்று கொட்டாஞ்சேனையில் கூட்டம் வைத்தோம். மாமா தலையாட்டினால் தெருவே தலையாட்டும். தமிழில் சொல்ல நான்.

அந்தச் சலுகைக்கு ஆங்கிலத்தில் டக்ஸ் கிரெடிட் என்று பெயர். கிரெடிட் கார்ட் என்றால் தமிழில் கடனட்டை. அப்படியென்றால் டக்ஸ் கிரெடிட்? வரிக்கடன்! (அரை நிமிடம் யோசித்தேன். என் அளவில் அது பெரிய ஆராய்ச்சி.)

நிபுணர் வாயைத் திறந்தார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன்.

"பழைய கட்டிடம் வைத்திருக்கிற எல்லாருக்கும் வரிக்கடன் உண்டு!"

முன்வரிசைக் கதிரைகள் கிறீச்சிட்டன. "பிள்ளை, நான் வரியெல்லாம் ஒழுங்காக் கட்டினனான்," என்றார் மாமா.

"பொறுங்கோ மாமா, அவர் இன்னும் சொல்லுறார்."

ஒரு வருடத்தில் பயன்படுத்தி முடியாததை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார் நிபுணர். "இந்த வருடம் தீராவிட்டால் கடன் அடுத்த வருடமும் தொடரும்" என்று முழங்கினேன்.

பின்னால் ஒரு துணிக்கடை முதலாளி எழுந்தார். இந்தியாவிலிருந்து வந்து தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். "ஏம்மா, நாங்க போய்ச் சேந்துட்டா அது புள்ளைங்க தலையில விழுமா?"

பிள்ளைகளுக்கும் போகுமா என்று நிபுணரிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு ஆர்வமான கூட்டத்தை அவர் எங்குமே கண்டிருக்க மாட்டார். கட்டாயம் போகும், பிள்ளைகளுக்கும் போகும் என்று கையிரண்டையும் விரித்துச் சிரித்தார். நான் அதை ஒரு சொல் விடாமல் தமிழாக்கினேன்.

"எங்க கடை புதுசுங்க," என்றார் முதலாளி அவசரமாக. "பாக்கத்தான் பழசு மாதிரி தெரியும்." பக்கத்திலிருந்தவர், தான் வெறும் வாடகைக்காரன் என்றார். (அவருடைய குடும்பப் பெயர் கட்டிட நெற்றியில் சிமெந்தில் பொறித்திருக்கிறது.) தேநீர் வருவதற்குள் மண்டபம் காலி. உடனே வேலையைத் தொடங்கப் போய்விட்டார்கள் என்று நிபுணருக்கு விளக்கினேன். சத்தியமாக நானும் அதை நம்பினேன்.

சில நாளில் மாமி போன் எடுத்தார். "பிள்ளை, மாமா ஆக்களைப் பிடிச்சு முன்பக்கத்தை மூடுறார். பழசெண்டு தெரிஞ்சால்தானே கடன் எண்டுறார்."

கடன்! அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. த்ரீவீலரில் பாய்ந்து ஏறினேன். காலி வீதி வாகன நெரிசலில் அசையவில்லை. இருக்கையில் நான் துள்ளிய துள்ளலில், "பொட்டக் இன்ன நங்கி," கொஞ்சம் பொறு தங்கச்சி என்று டிரைவர் சிங்களத்தில் கெஞ்சினார். பாதி வழியில், கொள்ளுப்பிட்டியில் இறங்கி ஓடினேன். சற்று நேரத்தில் அதே த்ரீவீலர் என்னை முந்திக்கொண்டு போனது.

போய்ச் சேர்ந்தபோது கடைசித் தகட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, கடன் இல்லை! சலுகை! உங்கட வரியைக் குறைக்கிற திட்டம்!"

"அப்ப ஏன் கடனெண்டு சொன்னனி?"

"கடனட்டை மாதிரி, மாமா..."

"கடனட்டைக்கும் நான் கடன்தானே கட்டுறன்!"

நடுத்தெருவில் நின்று அழுதேன். மாமா பாவம் பார்த்து ஒரு சோடா உடைத்துத் தந்தார். தகட்டை மட்டும் கழற்றவில்லை.

எங்கள் திட்டம் அந்தக் கூட்டத்தோடு படுத்தது. அலுமினியத் தகடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. குடும்பத்தில் அதற்கு 'மொழிபெயர்ப்பு' என்றே பெயர். மழைக்கு அது படபடவென்று அடித்தால், மொழிபெயர்ப்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று மாமா போனை வைத்துவிடுவார்.

போன கிழமை காற்று அடித்த கையோடு மாமி போன் எடுத்தார். "பிள்ளை, உன்ர மொழிபெயர்ப்பு ஒரு பக்கம் கழண்டு தொங்குது. உள்ளுக்குப் பூவேலை ஒரு இதழ் உடையாமல் கிடக்கு, வடிவாத்தான் இருக்கு. இவர் ஆணியோட ஏறப் போறார். என்ன செய்ய?"

"ஏணியை ஒளிச்சு வையுங்கோ மாமி," என்றேன்.