கழுகின் கழுத்தில் கட்டிய கடிகாரம்

ஒரு காட்டில், வழி கேட்பது கேவலம் என்று மிருகங்கள் எல்லாம் கூடி முடிவு செய்திருந்தன. அதற்காகவே நான்கு கழுகுகளின் கழுத்தில் கடிகாரம் கட்டி, இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியிருந்தன. அவ்வளவு உயரத்தில் கழுகுக்கு மூச்சு முட்டாதா என்று கேட்பவர்கள் வேறு கதை படிக்கலாம். கழுகுகள் மேலிருந்து மணி சொல்லும். அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரமானது என்று கணக்கிட்டு, கீழே இருக்கும் கருவி 'நீ இன்ன இடத்தில் நிற்கிறாய்' என்று காட்டும்.

கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டது மெக்கானிக் ஆந்தை. ஒருநாள் தணிக்கைக்கு ஓணான் வந்தது. தலையாட்டியே பதவி உயர்வு வாங்கிய அதிகாரி அது.

"ஏன்யா, மேலே போற கடிகாரத்தை எல்லாம் வேணும்னே மெதுவா ஓட வெச்சிருக்கியாமே?"

"ஆமாங்கய்யா. அங்கே பூமியோட இழுப்பு கம்மி, கடிகாரம் வேகமா ஓடும். பறக்கிற வேகத்துல கொஞ்சம் மெதுவாகும். கூட்டிக் கழிச்சா ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு மைக்ரோ வினாடி முந்திடும். அதைத்தான் இங்கேயே குறைச்சு அனுப்பறேன்."

"நம்ம சிங்க மகாராஜாவோட நேரத்தை ஒரு கழுகோட நேரம் முந்துமா? வாயை அடக்கிப் பேசு!"

"அப்படியே விட்டா ஒரே நாள்ல பதினோரு கிலோமீட்டர் தப்பாக் காட்டுங்கய்யா."

வாழ்க்கையில் முதல்முறையாக ஓணான் தலையாட்டவில்லை. ஆந்தையை சஸ்பெண்ட் செய்தார்கள். கழுகுகளை இறக்கி, கடிகாரங்களை அரண்மனைக் கடிகாரம் ஓடுகிற வேகத்துக்கே திருப்பி மறுபடி ஏற்றினார்கள். ஓணானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுநாள் பூவாயி என்ற மானுக்குப் பிரசவ வலி கண்டது. குட்டி குறுக்கே கிடந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற கரடி அவளை ஏற்றிக்கொண்டு, கருவியில் 'ஆஸ்பத்திரி' என்று தட்டியது. பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல் வந்தது. வண்டி நிற்கவில்லை.

"அண்ணே! ஆஸ்பத்திரி தாண்டிப் போகுதே!"

"தெரியுது தங்கச்சி. என் பொண்டாட்டியையே இங்கேதான் சேர்த்தேன். ஆனா கருவி இன்னும் பதினோரு கிலோமீட்டர்னு சொல்லுது. மீறி நிறுத்தினா மெமோ குடுப்பாங்க."

"அங்கே புலியோட குகைதானேண்ணே இருக்கு?"

"ஆமா. காலையிலேருந்து மூணு பேரை இறக்கிட்டேன். நல்லா கவனிச்சுக்குது."

பூவாயிக்கு வந்த ஆத்திரத்தில் வலியே மறந்துபோனது. கதவை ஒரே உதை விட்டாள். கீழே விழுந்து, தவழ்ந்து, ஆஸ்பத்திரிக்குள் போய்ச் சேர்ந்தாள். டாக்டரம்மா குரங்கு குட்டியைத் திருப்பி வெளியே எடுத்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. எனக்கே கண் கலங்கிவிட்டது. கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

ஆனால் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டுமே. அதைக் கொடுக்கிற நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருந்தது சாட்சாத் நம் ஓணான்தான். குட்டி பிறந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக் கருவி காட்டிய இடத்தை எடுத்துப் பார்த்தது.

"முதலை மடுன்னு காட்டுதேம்மா. நடு மடுவுல பொறந்த மான்குட்டி பிழைச்சதா இதுவரைக்கும் பதிவே இல்லையே!"

"ஐயா, குட்டி இந்தா உங்க முன்னாடி நிக்குதுங்க!"

ஓணான் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'இறப்பு' என்று எழுதி முத்திரை குத்தியது. மேஜைக்கு அடியில் குட்டி ஓணானின் வாலைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

நீதி: உயிர் பிழைத்தால் மட்டும் போதாது; கருவி காட்டுகிற இடத்தில் பிழைக்க வேண்டும்.