பாடு எப்படி?

என்னைப் பாடச் சொல்லி யாரும் கெஞ்சியதில்லை. நிறுத்தச் சொல்லித்தான் கெஞ்சியிருக்கிறார்கள். கல்யாண வீடு, மில் கேன்டீன், அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போகும் வேன் என்று எங்கே நாலு பேர் சேர்ந்திருந்தாலும், யாராவது “ஒரு பாட்டு...” என்று வாயெடுப்பதற்குள் நான் தொண்டையைச் செருமி முதல் அடியைப் பிடித்திருப்பேன். (அவர் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்க வந்தவராகக்கூட இருக்கலாம். விசாரிக்க நேரமிருந்ததில்லை.)

வீடும் வேலையும் ராஜபாளையத்தில். ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. மெஷின் இரைச்சலுக்கு மேலே ஆறு நாள் கத்திப் பழகிய குரல் ஏழாம் நாள் மட்டும் எப்படி அடங்கும்? அப்பா ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். எல்லையில்கூட இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு வெளியே நடக்கப் போய்விடுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் காதுக்குள் ‘ங்ஙொய்’ என்று ஓயாத இரைச்சல் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “பத்து நாள் சத்தமில்லாத எடமாப் பாத்துப் போயிட்டு வாங்க. தொண்டைக்கும் ரெஸ்ட் குடுங்க” என்றார். செய்தி கேட்ட பாடகர் குழுவினர் ஒருவர் விடாமல் வந்து கைகொடுத்து வழியனுப்பினார்கள். அன்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

சத்தமில்லாத இடம் எங்கள் கையிலேயே இருந்தது. என் தங்கை ஜெபா வாக்கப்பட்ட ஊர். விளாத்திகுளம் தாண்டி ஒரு மினிபஸ் பிடித்து, அதுவும் திரும்பிப் போகிற இடத்தில் இறங்கி, அதற்கப்புறம் மணலில் நடந்தால் வருகிற ஒரு கடற்கரைக் கிராமம். (ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு ஏற்கெனவே போதுமான புகழ் இருக்கிறது.) ஜெபா தூத்துக்குடியில் நர்ஸாக இருந்தபோது அங்கே வந்துபோன அந்தோணியைப் பார்த்து, பிடித்து, கட்டிக்கொண்டாள். நாங்கள் சீர்திருத்தச் சபை, அவர்கள் கத்தோலிக்கர். நாங்கள் கரிசல்காட்டுப் பக்கம், அவர்கள் கடல். இரண்டு வீட்டிலும் முகத்தை ஒரு முழம் நீட்டிவைத்துக்கொண்டுதான் கல்யாணத்தை நடத்தினோம். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியும் எங்கள் பக்கத்தில் இருந்து யாரும் போய் ஒருநாள் தங்கவில்லை. முதல் ஆள் நான்.

பஸ் ஏற்றிவிட வந்த அம்மா கையில் இரண்டு கிலோ பால்கோவாவைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “ஏலே, இந்தா பாரு. உன் தங்கச்சி வாழுத எடம். அவ மாமனாரு இன்னும் அவகிட்ட மொகங்குடுத்துப் பேசலையாம். நீ போயி எதையாச்சும் பண்ணிக் கெடுத்துறாத. திங்கதுக்கு மட்டும் வாயத் தொற.”

“நான் என்னம்மா பண்ணப்போறேன்?”

“அதான் எனக்குப் பயமே.”

போய் இறங்கியபோது சொர்க்கமாக இருந்தது. எங்கள் ஊர்க்காரனுக்குப் பெரிய தண்ணீர் என்றால் பிளவக்கல் அணைதான். இங்கே மறுகரையே இல்லை. பூவரச மரத்தடியில் எனக்கு ஒரு நார்க்கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அத்தை, அதாவது ஜெபாவின் மாமியார், வேளைக்கு வேளை சாப்பிடக் கூப்பிட்டார். சூசை மாமா, அதாவது அந்த மாமனார், பால்கோவா டப்பாவைப் பார்த்து, “எனக்குச் சுகர் இருக்கு தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வலையைப் பின்னப் போய்விட்டார். அவரும் அந்தோணியும் சாயங்காலம் வள்ளத்தில் போய் மறுநாள் காலை திரும்புவார்கள். வீடு அமைதியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது.

இங்கேதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. தெருவில் போகிற ஒருவர் மாமாவிடம், “சூச, பாடு எப்படி?” என்று கேட்டார். மாமா தலை நிமிராமல், “பாடு ஒண்ணுமில்ல” என்றார். சற்று நேரத்தில் வேறொருவர்: “பாடு உண்டா?” மாமா உதட்டைப் பிதுக்கினார். கடைக்கு வெற்றிலை வாங்கப் போனால் அங்கேயும், யாருக்குப் பாடு, எவ்வளவு பாடு என்று இதே பேச்சு.

உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் பாடு என்றால் வலையில் விழுந்த மீன். அன்றன்றைக்குக் கிடைத்தது. ஆனால் ராஜபாளையத்துக்காரனுக்குப் பாடு என்றால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, படுகிற பாடு. இன்னொன்று, வாயைத் திறந்து பாடு. என்னைப் போன்ற ஆளுக்கு முதல் அர்த்தம் ஞாபகத்துக்கே வராது. ஆகா, இப்படி ஓர் இசைப்பிரியர்கள் ஊரா, காலையில் எழுந்ததும் காப்பி குடித்தாயா என்றுகூடக் கேட்காமல் பாட்டைப் பற்றி விசாரிக்கிறார்களே என்று கட்டிலில் படுத்தபடியே நெகிழ்ந்துபோனேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு பிலோமி அக்கா அத்தையிடம் பேசுவது கேட்டது. “முந்தியெல்லாம் ஒங்க வீட்டுக்கு எம்புட்டுப் பாடு. இப்ப இந்தப் புள்ள கால் வச்ச நேரத்துல இருந்து ஒண்ணுமில்லன்னு ஊருக்குள்ள பேசுதாவ.” அத்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அடுப்படியில் ஜெபா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“ஏட்டி, இந்த வீட்ல முன்ன நல்ல பாடாமே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஆமாண்ணே. நான் வரதுக்கு முந்தி தெனமும் பாடுதான். இப்ப மூணு மாசமா ஒண்ணுமில்ல. எல்லாரும் என்னையத்தான் பாக்காவ.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுச் செல்லப் பெண் அவள். பாடிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அவள் வந்ததில் மனம் கசந்து பாடுவதையே நிறுத்திவிட்டதே என்று தவித்தேன்.

“நான் வந்துட்டேன்ல. பாடுக்கு நான் ஆச்சு” என்றேன். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் வலை பின்னிக்கொண்டிருந்த மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மாமா, ஒங்க பாடு பத்தியெல்லாம் கேள்விப்பட்டேன்.”

“என்னத்தக் கேள்விப்பட்டிய. நேரஞ் சரியில்ல தம்பி.”

“யாராச்சும் ஒருத்தர் தொடங்கி வச்சாப் போதும் மாமா. பொறவு தானா வரும்.”

“மாதா மனசு வைக்கணும்” என்று சொல்லி அவர் நூலைக் கடித்தார்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. மனுஷன் மாதா பாட்டு மட்டும்தான் பாடுவார் போல. எங்கள் சபையில் மாதா பாட்டு கிடையாது. ஆக, இரண்டு சபைக்கும் பொதுவாக, யாருக்கும் மனம் நோகாமல் ஒரு பாட்டு வேண்டும். படுத்து யோசித்து, எங்கள் அறுப்பின் பண்டிகையில் பாடுகிற நன்றிப் பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். களஞ்சியம் நிரம்பியது, பாத்திரம் வழிந்தது, வெறுங்கையாய் எங்களை அனுப்பவில்லை என்று நாலு சரணம். (இதைவிடப் பொருத்தமில்லாத பாட்டு எங்கள் புத்தகத்திலேயே கிடையாது என்று பிற்பாடு பாடகர் குழுத் தலைவர் பார்த்துச் சொன்னார்.)

நான்காம் நாள் காலை கரைக்குப் போனேன். கூடைகளோடு பெண்கள், ஐஸ் பெட்டிகளோடு வியாபாரிகள், ஊரில் பாதி அங்கே நின்றது. ஜெபாவும் அத்தையும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வள்ளம் வந்து கரை தட்டியது. அந்தோணி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார்:

“சூச, பாடு?”

மாமா வள்ளத்தில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.

எங்கள் பாடகர் குழுத் தலைவர் ‘தொடங்கு’ என்பதற்கு இப்படித்தான் கையை விரிப்பார். நான் தொடங்கினேன்.

முதல் சரணத்தில் காக்காய்கள் எழுந்து பறந்தன. மூன்று நாள் ரெஸ்ட் எடுத்த தொண்டை, கணீரென்று வந்தது. ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. வியாபாரி ஒருவர் ஜெபம் என்று நினைத்துத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். இரண்டாம் சரணத்தில் பாத்திரம் வழிந்தபோது எட்டிப் பார்த்தேன்; வள்ளத்துக்குள் நாலு நண்டும், வயிற்றை உப்பிக்கொண்டு யாரும் தின்னாத பேத்தை மீன் ஒன்றும் கிடந்தன. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மூன்றாம் சரணத்துக்குக் கை தட்டும்படி கூட்டத்துக்குச் சைகை காட்டினேன். ஒருவரும் தட்டவில்லை. நான் மட்டும் தட்டினேன். பிலோமி அக்கா ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெபா மணலில் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “அண்ணே, வாய மூடு. பாடுன்னா மீனு.”

“என்னது?”

“பாடுன்னா மீனு. மீனு இல்லன்னு சொல்லுதாக. நீ நன்றி சொல்லுத.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கால் இரண்டும் மணலுக்குள் போகாதா என்று பார்த்தேன். மாமா வள்ளத்தில் இருந்து இறங்கி என்னை நோக்கி நடந்து வந்தார். எனக்கு அடி விழுவதைப் பற்றிக் கவலையில்லை. ஜெபாவைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஏற்கெனவே பழி சுமக்கிறவள். அவள் அண்ணன் வந்து, வெறும் வள்ளத்தைப் பார்த்து ஊர் கூடியிருக்கக் கை தட்டிவிட்டான். இனி அவள் இந்த ஊரில் எப்படித் தலை நிமிர்வாள்?

மாமா என் முன்னால் வந்து நின்றார். “இன்னும் எத்தன சரணம் இருக்கு தம்பி?”

“ஒண்ணு மாமா.”

“அதையும் பாடி முடிச்சிருங்க. சாமி பாட்ட பாதில விடக் கூடாது.”

பாடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக நான் பாடியதில்லை. மாமா வள்ளத்து விளிம்பில் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து என் குரல் இன்னும் நடுங்கியது. துண்டை எடுத்தபோது பார்த்தால், மனுஷன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தோணிக்கும் தொற்றிக்கொண்டது. அப்புறம் கரையே சிரித்தது.

பிலோமி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். “இனி எங்கருந்து மீன் வரும்? கெடந்ததும் ராமேஸ்வரத்துக்கு ஓடியிருக்கும்.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “இப்பத்தான வெவரம் புரியுது. மூணு மாசமா மீன் வராததுக்கு எம் மருமவ என்ன பண்ணுவா? இவரு ராஜபாளையத்துல இருந்துகிட்டே பாடிட்டு இருந்திருக்காரு.”

எம் மருமவ என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டதாக ஜெபா பிறகு சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தை, “நீயும் உக்காரு ஜெபா” என்று அவளுக்கும் இலை போட்டார். மாமா பால்கோவா டப்பாவைத் திறந்து, சுகரை மறந்து, விரலால் ஒரு வழி வழித்து வாயில் போட்டுக்கொண்டார். “பாடத்தான் தெரியலன்னாலும் ஒங்க ஊர்ல இது நல்லாச் செய்யுதாவ மருமவனே” என்றார்.

மிச்சமிருந்த ஆறு நாளும் நான் எடுத்த ரெஸ்ட் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. வள்ளங்கள் கிளம்புகிற சாயங்கால நேரத்தில் என்னை வீட்டுக்குள் உட்காரவைத்து வாயில் கருப்பட்டியைத் திணித்தார்கள். கடையில் வெற்றிலை வாங்கித் தொண்டையைச் செருமினால் நாலு பேர் எழுந்து நின்றார்கள். திரும்பிவரும்போது மினிபஸ் கண்டக்டர், “பாடிருவீயளோ?” என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கொடுத்தார். வீடியோ எனக்கு முன்னாலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்து பாடகர் குழு வாட்ஸப்பில் உட்கார்ந்திருந்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜெபாவிடம் ஃபோனில் பேசிவிட்டு வந்து எனக்குக் கோழிக் குழம்பு வைத்தாள்.

அன்றிலிருந்து அந்த ஊரில் யாருக்குப் பாடு குறைந்தாலும், “ராஜபாளையத்தாரு பாடிட்டாரு போல” என்பதுதான் பேச்சு. ஜெபாவின் பேரை யாரும் எடுப்பதில்லை. வலை வெறுமையாக வருகிற நாளெல்லாம் சூசை மாமா காலையிலேயே எனக்கு ஃபோன் போட்டு விசாரணை வைப்பார்.

போன மாதம் எனக்குத் தொண்டையில் கட்டி வந்து டாக்டர் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று வாரமாகக் குளியலறையில்கூட முனகவில்லை. ஒருநாள் காலை மாமாவின் ஃபோன்.

“என்ன மருமவனே, நேத்துப் பாடுனீயளா?”

“ஆமா மாமா” என்றேன், கரகரத்த குரலில். “ரெண்டு சரணம்.”

“நெனச்சேன்” என்றார் மாமா. பின்னால் ஜெபா சிரிப்பது கேட்டது.