பதினொன்றாம் கட்டிலின் இதயம்

"மூச்சை நல்லா இழுங்க," என்றார் சின்ன டாக்டர்.

பதினொன்றாம் கட்டிலில் படுத்திருந்த மீசைக்காரர் இழுத்தார். ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்கம் வைத்தால் பேருக்கு ஏதோ கேட்டது. வலப்பக்கம் வைத்தால் டமடமவென்று கேட்டது. மனிதருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது.

முந்தைய நாள் எடுத்த எக்ஸ்ரேயிலோ, ஊர் உலகத்துக்கெல்லாம் இருப்பதுபோல இடப்பக்கம்தான் இதயம். இடது சிறுநீரகத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கல்.

"டாக்டர், நான் வந்து..." என்று மீசைக்காரர் ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. துடிப்பு கேக்க மாட்டேங்குது."

சின்ன டாக்டருக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். உடம்புக்குள் எல்லாமே பக்கம் மாறியிருக்கும் அபூர்வப் பிறவி. எக்ஸ்ரேக்காரர் கவனிக்காமல் படத்தைத் திருப்பிக் குறித்திருக்க வேண்டும். அப்படியென்றால் கல் இருப்பதும் வலது சிறுநீரகத்தில்தான்.

அவர் குதித்ததற்குக் காரணம் இருந்தது. சிறுநீரகப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து அவர் பார்த்த ஒரே வேலை, பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்யும்போது கேமரா பிடிப்பது. கல்யாண வீட்டு வீடியோக்காரராவது நடுவில் சாப்பிடப் போவார். இவருக்கு அதுவும் இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் பெரிய டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"நாளைக்கு மாநாட்டுக்கு வந்த டாக்டருங்க எல்லாம் நம்ம ஆபரேஷன் தியேட்டருக்கு வர்றாங்க. அவங்க முன்னாடி முதுகுல துளை போட்டு இந்தக் கல்லை நீயே எடு."

"நானா சார்?"

"நீதான். ஆனா பக்கம் மாறிச்சுன்னா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் கேமராதான்."

எக்ஸ்ரேக்காரர் லேசில் விடவில்லை. "நான் பக்கம் மாத்திக் குறிச்சேனா? என் கல்யாணத்துல வேணா ஆளை மாத்திப் பண்ணியிருப்பேன். படத்துல மாத்த மாட்டேன். கூட்டிட்டு வாங்க அவரை."

மறுபடி படம் எடுத்தார்கள். இதயம் வலப்பக்கம். சின்ன டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். ஆனால் கல்லைக் காணோம். வலதிலும் இல்லை, இடதிலும் இல்லை.

"கல் எங்கய்யா?" என்றார் பெரிய டாக்டர்.

"இறங்கிப் போயிருக்கும் சார்."

"நெல்லிக்காய் சைசு கல்லு, ஆளுக்கே தெரியாம இறங்கிப் போச்சா? டாக்சி பிடிச்சுப் போயிருக்குமோ?"

மீசைக்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். "ஐயா, அது வந்து..."

"நீங்க பதறாதீங்க. நாங்க பாத்துக்கறோம்," என்று பெரிய டாக்டர் அந்தக் கையை அன்போடு கீழே இறக்கி வைத்தார்.

மாலையில் ஸ்கேன் அறைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் அம்மா பார்த்துவிட்டு, "கல் இருக்கே. இடது சிறுநீரகத்துல கும்முனு உக்காந்திருக்கு," என்றார்.

"இதயம்?"

"அதுவும் இடப்பக்கம்தான். வேற எங்க இருக்கும்? உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா டாக்டர்?"

சின்ன டாக்டருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. நோயாளியையே கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இத்தனை படித்துவிட்டு அவரிடம் போய்க் கேட்பதா என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் ஜெயித்தது.

பெரிய டாக்டருக்கோ தலைகால் புரியவில்லை. "காலையில வலது, சாயங்காலம் இடது. கல்லு வந்து வந்து போகுது. இது இடம் மாறுற இதயம்யா. உலகத்துலயே முதல் கேஸ்." உடனே இதயப் பிரிவுக்கும் போன் போட்டு ஆட்களை வரச் சொன்னார்.

மறுநாள் காலை தியேட்டரில் நிற்க இடமில்லை. பதினொன்றாம் கட்டிலைச் சக்கரத்தோடு அப்படியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மீசைக்காரரை மேசையில் உட்கார வைத்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஐயா, ஒரே ஒரு வார்த்தை..."

"பயப்படாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றார் மயக்க மருந்து டாக்டர், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே.

சின்ன டாக்டர் கடைசியாக ஒருமுறை ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இதயம் மறுபடியும் வலப்பக்கம் போயிருந்தது. பேனாவை எடுத்து வலது முதுகில் ஒரு அம்புக்குறி போட்டார். மனசு கேட்கவில்லை. இடது முதுகிலும் ஒன்று போட்டார். மாநாட்டுக்காரர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

"எந்தப் பக்கம்யா?" என்று பெரிய டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

சின்ன டாக்டர் இரண்டு அம்புக்குறிகளையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது யாராவது கேமராவை நீட்டினால் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.

அப்போது கதவு கொஞ்சம் திறந்தது. ஒருவர் தலையை நீட்டினார். மேசையில் உட்கார்ந்திருந்தவரின் அதே முகம், அதே மீசை, அதே வழுக்கை.

"மன்னிக்கணும் டாக்டர். எழுந்து போனா கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கன்னு, டீ குடிக்கப் போறப்பல்லாம் தம்பியைப் படுக்க வச்சிட்டுப் போவேன். இப்ப வந்து பாத்தா கட்டிலையே காணோமே?"