ஹலீம் சாச்சாவின் நின்றபடிக் கூட்டம்

பிலிமத்தலாவை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஹலீம் சாச்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கூடப்பிறந்த நானாவின் மகள் ரிப்கா எழுதுவது. இங்கே உம்மாவும் வாப்பாவும் சுகம். தோஹாவில் நீங்களும் சாச்சியும் சுகமாயிருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். சுகமில்லாமல் கிடப்பது உங்கள் கம்பனி மட்டும்தான். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் போட்டுத் தப்பிவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் வளர்க்கும் லீக்ஸையும் போஞ்சியையும் பறித்த அன்றே கண்டி வீடுகளுக்குச் சேர்ப்பது நம் வேலை. சஞ்சீவனி அவற்றைச் சேர்த்து பஸ்ஸில் கொண்டுவருவாள், சுதேஷ் ஓட்டோவில் வீடுவீடாய்க் கொடுப்பான், அஸ்ஃபர் ஓடர் எடுக்கும் செயலியைப் பார்ப்பான், நான் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குவேன். நன்றாகத்தான் போனது. அதற்குள் நீங்கள் எங்கேயோ ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்து, குழு முழுக்க ஒரே நோக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆரம்பித்தீர்கள். "நாம் அனைவரும் ஒரே படகில்" என்று சுவரில் ஒட்டச் சொன்னீர்கள். ஒட்டினோம். கண்டியில் படகு குளத்தில் ஒரு சுற்றுப் போய், ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும்.

அப்புறம் காலை எட்டு மணிக்கு வீடியோவில் கூட்டம், எல்லோரும் நின்றுகொண்டே பேச வேண்டும், ஆளாளுக்கு நோக்கத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். எட்டு மணிக்கு சஞ்சீவனி கண்டி பஸ்ஸில் மூட்டைகளுக்கு நடுவே நிற்கிறாள். சொன்னபடி நின்றுகொண்டுதான் கலந்துகொண்டாள். அவளோடு பஸ்ஸே கலந்துகொண்டது. பலாப்பழத்தோடு நின்ற ஒரு அக்கா போனுக்குள் எட்டிப்பார்த்து, "யாரு தங்கச்சி இது, தான் கதிரையில குந்திக்கிட்டு மத்தவங்கள நிக்கச் சொல்றாரு?" என்றது உங்கள் காதிலும் விழுந்தது. உடனே, இனிமேல் கூட்டம் முடிந்த பிறகுதான் பஸ் ஏற வேண்டும் என்றீர்கள். அப்படியே ஏறினாள். அந்த பஸ் திகனையில் பழுதாகி நின்று, சுதேஷ் பஸ் நிலையத்தில் காய்ந்து, போஞ்சி மூட்டைக்குள்ளேயே அவிந்து, அன்றைக்கு ஒரு கல்யாண வீடு கேட்டிருந்த லீக்ஸ் மாப்பிள்ளை சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு போய்ச் சேர்ந்தது. பெண்ணின் மாமா என்னைக் கேட்டவற்றை மார்க்கமுள்ள பிள்ளை எழுத முடியாது.

மறுநாள் நோக்கத்தைச் சொல்லுங்கள் என்றீர்கள். "ஐந்து வருடத்தில் ஆசியாவில் முதலிடம்" என்று நாங்கள் மூவரும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னோம். சஞ்சீவனி, "காய் வாடுறதுக்கு முந்தி வீடுகளுக்குப் போகணும் சேர். அதுக்கு நான் இப்ப பஸ்ல இருக்கணும்" என்றாள். நோக்கம் பொருந்தவில்லை என்று அந்த இடத்திலேயே அவளை நீக்கிவிட்டீர்கள்.

சாச்சா, அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே நோக்கத்துக்குத்தான் கொழுந்து பறித்தது. அந்த நோக்கம் ஒரு நாளும் அவங்கடதா இருக்கல்ல. அதையே இப்ப நாமளும் புதுப் பேர்ல சொல்றமா? தோட்டத்துத் துரையாவது குதிரையில வந்து பார்த்தான், நீங்க வீடியோல பாக்கிறீங்க. அவ இல்லாட்டி அந்தப் பொம்புளைகள்ட காய் லயத்துக்குப் பின்னாலயே அழுகும். அவள திருப்பி எடுக்காட்டி இந்தக் கடிதம் கிடைச்ச மறுநாளிலிருந்து நானும் இல்ல, அஸ்ஃபரும் இல்ல, சுதேஷும் இல்ல. இது மிரட்டல்தான், வேற பேர் வைக்க வேணாம்.

சாச்சிக்கு என் ஸலாம். உங்களுக்கு நீண்ட ஆயுளையும் வலிக்காத முழங்காலையும் அல்லாஹ் தரட்டும், இனி நீங்களேதான் நிற்க வேண்டியிருக்கும்.

பாசமுள்ள மகள்,
ரிப்கா

பி.கு: உறையில் இடுமுன் சஞ்சீவனிக்கு வாசித்துக் காட்டினேன். "நாம ஏன் போகணும்? காய் எங்களோடது, ஓட்டோ சுதேஷோடது, செயலி அஸ்ஃபர் எழுதுனது. அவருகிட்ட என்னா இருக்கு?" என்றாள். யோசித்தோம். ஒரு தராசும் சுவரில் ஒட்டியதும் இருக்கின்றன. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், யாரும் விலகவில்லை. நீங்கள் ஆசைப்பட்டபடியே நாங்கள் நால்வரும் ஒரே நோக்கத்துக்கு வந்து, உங்களை நீக்கிவிட்டோம். தராசு உம்மாவிடம் இருக்கிறது, ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் இருந்ததை உரித்து இத்துடன் அனுப்புகிறேன். படகில் இனி இடம் தாராளம்.