மினோரியின் கடைசி ஆந்தை

ஆந்தை கையை விட்டுப் போன பிறகுதான் ஷுஹெய்க்கு முழுதாக விழிப்பு வந்தது.

ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கம் கைதட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவன் திடுக்கிட்டு எழுந்தான். எழுந்த வேகத்திலேயே மடியில் இருந்த கம்பளி ஆந்தையைத் தடுப்புக்கு மேலாக வீசியும் விட்டான். வீட்டில் தலையணையை வீசிப் பழகிய கை, குறி தப்பவில்லை. ஆந்தை ஐஸில் வழுக்கிக்கொண்டே போய், நடுவில் இடுப்பைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனின் காலடியில் நின்றது.

"தம்பி," என்றார் பக்கத்து இருக்கைத் தொமோயே அக்கா, மெதுவாக. "அது சகாகி இல்ல."

"இல்லையா?"

"சகாகி கடைசியா வருவாரு. இது இபுகின்னு ஒரு புதுப் பையன். நாலு தடவ விழுந்தான். நீ தூங்கிட்டிருந்த."

இபுகி குனிந்து ஆந்தையை எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். தனக்குத்தானா என்று கூட்டத்தைப் பார்த்துக் கையால் கேட்டான். ஷுஹெய் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினான். தூரத்திலிருந்து பார்க்க அது உற்சாகமாகக் கையசைப்பதுபோல் இருந்தது. பையன் இடுப்பு வரை வளைந்து வணங்கினான்.

சிறிது நேரத்தில் பெரிய திரையில் ஆந்தை வந்தது. மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்த இபுகியின் நெஞ்சோடு அணைந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு கண் கறுப்பு மணி. மற்றது வெள்ளைச் சட்டைப் பொத்தான். மணி மினோரி தைத்தது. பொத்தான் ஷுஹெய் தைத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மார்ச் மாதம் வந்துபோயிருந்தது. அந்த மார்ச்சில்தான் ஷுஹெய் மனைவி மினோரியை இழந்தான்.

சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அந்தப் பகுதி முழுக்க சகாகியின் கோட்டை. அங்கே எழுபது வயதானவரும் அக்காதான். எல்லார் மடியிலும் போர்வை, போர்வைக்குள் ஒரு ஆந்தை. தனக்கு ஆந்தை பிடிக்கும் என்று சகாகி ஏதோ பேட்டியில் ஒரே ஒரு முறை சொன்னதன் விளைவு. அவர் ஆடி முடித்ததும் வானத்திலிருந்து ஆந்தைகள் கொட்டும். மினோரியும் வருடத்துக்கு ஒன்று பின்னுவாள், இந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆடும்போது. இன்றோடு சகாகி போட்டிகளிலிருந்து விலகுகிறார். மினோரி பாதியில் விட்ட கடைசி ஆந்தையை அவரிடம் சேர்க்க வேண்டும். அவளுக்காகச் செய்ய ஷுஹெயிடம் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

அதைத்தான் அவன் தூக்கத்தில் செய்து முடித்துவிட்டான்.

"மினோரி பாத்திருந்தா சிரிச்சிருப்பா," என்று ஆரஞ்சு ஒன்றை உரித்து அவன் கையில் வைத்தார் தொமோயே அக்கா. "சரி விடு. என்கிட்ட இன்னொரு ஆந்த இருக்கு. அத வீசு."

"அது மினோரி பின்னினது இல்லியே, அக்கா."

"ஆந்தைக்குள்ள என்ன பேதம்?"

பேதம் இருந்தது. அதை விளக்க அவனுக்கு வரவில்லை. ஆரஞ்சைத் தின்றான்.

உண்மையில் அவனுக்கு ஸ்கேட்டிங்கில் ஒன்றுமே விளங்கியதில்லை. கல்யாணத்துக்கு முன் அலுவலகத்தில் யாருக்கும் வேண்டாத இரண்டு டிக்கெட் அவன் தலையில் விழுந்தது. மினோரியை அழைத்துவந்தான். அவள் மப்ளரில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் பார்த்தாள். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. இவ்வளவு ரசனையா என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு நூடுல்ஸ் கடையில் சூடான கிண்ணத்தில் கையைச் சூடாக்கிக்கொண்டே கேட்டாள், "உங்களுக்கு யாரப் பிடிச்சுது?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது வாசல் சுவரொட்டியில் படித்த ஒரே ஒரு பெயர். "சகாகி," என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. "எனக்கும் அவருதான்."

அதோடு முடிவாகிவிட்டது. ஒவ்வொரு டிசம்பரும் நாகோயா, ஒசாகா, நாகானோ என்று போட்டி நடக்கும் ஊருக்கெல்லாம் இருவரும் ரயில் ஏறினார்கள். குளிரில் அவனுக்குக் கால் மரத்துப்போகும். எதற்குக் கைதட்டுவது என்று தெரியாததால் மினோரியின் கைகளையே பார்த்திருந்து, அவை அசைந்ததும் தட்டுவான். அவளும் உடனே தட்டிவிட மாட்டாள். அரங்கமே தட்டி ஓயும் நேரத்தில்தான் அவர்கள் இருவரும் தொடங்குவார்கள். அவனுக்குப் பிடித்தது ஒன்றுதான்: இடைவேளையில் தளத்தை வழவழப்பாக்க வரும் ஐஸ் வண்டி. அது வளைந்து வளைந்து போவதை அவன் வாய் பிளந்து பார்ப்பான். மினோரி பின்னல் ஊசிகளை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்துச் சிரிப்பாள்.

இப்போதும் ஐஸ் வண்டி வந்தது. அவன் பார்க்கவில்லை. படியிறங்கி ஓடினான்.

பரிசுப் பொருள்களை வாங்கி வைக்கும் மேஜையில் கைப்பட்டை அணிந்த ஒருவர் இருந்தார். சட்டையில் நிஷிவாகி என்று எழுதியிருந்தது. ஷுஹெய் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னான். தவறுதலாக ஒரு ஆந்தை போய்விட்டது, திரும்பக் கிடைக்குமா என்றான். வீசியது வீசியதுதான் என்றார் நிஷிவாகி. அது ஆட்டக்காரருக்குச் சொந்தம். அப்படித் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தால், தங்கள் ஆள் ஆறாம் இடம் வந்துவிட்டார் என்று வீசியதை ஆளாளுக்கு வந்து திருப்பிக் கேட்பார்கள். சொல்லும்போதே மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அவரிடம் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

ஷுஹெய் திரும்பி நடந்தான். மூன்றடி வைத்ததும் ஒரு யோசனை வந்தது. அவன் வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே கேவலமானது.

"இல்ல சார், அந்தப் பொம்மைக்குள்ள ஊசி இருக்கலாம். தையல் ஊசி. மறந்து விட்டிருப்பேனோன்னு பயமா இருக்கு."

நிஷிவாகியின் முகத்தில் ரத்தம் வற்றியது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. நிஷிவாகி ஒலிவாங்கியில் என்னவோ சொன்னார். நாலு பேர் ஓடினார்கள். இபுகியின் விரல்களை ஒரு டாக்டர் ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்தார். மூட்டைகளில் கட்டியிருந்த அத்தனை பொம்மைகளும் ஒரு அறைக்குள் போய்ப் பூட்டப்பட்டன. ஷுஹெயின் பெயர், ஊர், இருக்கை எண் கேட்டுக்கொண்டு, இங்கே நிற்காதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவனை மேலே அனுப்பிவிட்டார்கள்.

அவன் இருக்கையை அடைந்தபோது அறிவிப்பு வந்தது. பாதுகாப்புக் காரணத்தால் இனி யாரும் பொம்மையோ பூவோ ஐஸ் மீது வீச வேண்டாம்.

அரங்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. சகாகியின் கோட்டையில் அதுகூட எழவில்லை. ஆந்தைகளை மடியில் வைத்தபடி பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஹொக்காய்டோவிலிருந்து விமானத்தில் வந்த ஒருத்தி தன் ஆந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

"கடைசி நாள்," என்றார் தொமோயே அக்கா. "பதினஞ்சு வருஷம் ஆடின மனுஷன் வெறும் ஐஸ்ல நின்னு கும்பிட்டுட்டுப் போகணுமா? எவனோ ஒரு பாவி பொம்மையில ஊசி இருக்குன்னு சொல்லியிருக்கானாம். அவன் என் கையில கெடைக்கட்டும்."

ஷுஹெய் தன் முழங்காலைப் பார்த்தான்.

"கெடச்சுட்டான், அக்கா."

நடந்ததைச் சொல்லி முடித்தான். தொமோயே அக்கா திட்டவில்லை. வெந்நீர்க் குடுவையை மூடினார். போர்வையை மடித்தார். திட்டுவதைவிட அது மோசமாக இருந்தது.

"ஊசி இருக்கா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப போ. போய் அவங்க காலப் பிடி. ஊசி பொம்மையில இல்ல, என் நாக்குலதான் இருந்துச்சுன்னு சொல்லு. சகாகி ஆடி முடிக்கிறதுக்குள்ள என் ஆந்த வானத்துல பறக்கணும்."

மறுபடியும் படிகள். கீழே நிஷிவாகி வியர்வையோடு நின்றிருந்தார். பக்கத்தில், முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு இபுகி. மேஜை நடுவில், குற்றவாளியைப்போல, ஆந்தை.

ஊசி இல்லை, பொய் சொன்னேன், மன்னியுங்கள் என்று ஷுஹெய் நெற்றி மேஜையில் முட்டும்வரை வளைந்தான்.

நிஷிவாகி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "மொதல்ல இருக்குன்னீங்க. இப்ப இல்லேங்கறீங்க. எது பொய்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கறது?"

நியாயமான கேள்வி. நல்லவேளை, ஆடைகளுக்குத் தையல் போடும் அம்மாள் ஒரு கருவியோடு வந்து சேர்ந்தார். இஸ்திரிப் பெட்டியைப்போல இருந்தது. உலோகம் எதிர்ப்பட்டால் கத்துமாம். அதை ஆந்தையின் வாலில் வைத்தார். சத்தமில்லை. வயிற்றில் வைத்தார். சத்தமில்லை. ஷுஹெய் மூச்சு விட்டான். பொத்தான் கண்ணுக்கு மேல் கொண்டுபோனார்.

கருவி கத்தியது.

பொத்தானுக்குப் பின்னால், பஞ்சுக்குள், பளபளவென்று ஒரு ஊசி. கண் தைத்த அன்று அவன் தொலைத்த ஊசி. தரையெல்லாம் தேடிக் கிடைக்காமல், காலில் குத்திவிடும் என்று பயந்து, ஜப்பானில் எவனும் செய்யாத காரியமாக வீட்டுக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நடந்திருந்தான்.

அறையே அவன் பக்கம் திரும்பி வணங்கியது. இவ்வளவு பொறுப்பாக முன்வந்து சொல்கிறவர்கள் இந்தக் காலத்தில் அபூர்வம் என்றார் நிஷிவாகி. பிறகு இல்லை என்று மறுத்ததை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஊசி அகப்பட்டுவிட்டதால் தடையை நீக்கச் சொல்லி ஒலிவாங்கியில் கூவினார். விதியைக் கொஞ்சம் தளர்த்தி, ஆந்தையை இரண்டு கையாலும் எடுத்து ஷுஹெயிடமே நீட்டினார்.

மேலே இசை தொடங்கியது. சகாகி. இன்னும் நேரம் இருந்தது. ஓடினால் போதும்.

"அண்ணா," என்றான் இபுகி.

ஷுஹெய் நின்றான்.

"திருப்பிக் கேக்கல. உங்களோடதுதான். சும்மா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எனக்கு யாரும் எதுவும் வீசினதில்ல. ஒரே ஒரு தடவ எங்கம்மாவோட கையுறை வந்து விழுந்துச்சு. அதுவும் கைதட்டும்போது நழுவிடுச்சாம்." ஐஸ் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கி நாலு தடவ விழுந்தேன். நீங்க ஏன் வீசினீங்க?"

தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஷுஹெய் வாயைத் திறந்தான்.

"நாலு தடவையும் எழுந்திரிச்சீங்களே," என்றான்.

அவன் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனால் பையனின் முகம் பிரகாசித்ததைப் பார்த்த பிறகு அதைத் திருத்த முடியவில்லை. ஆந்தையை அவன் கையில் வைத்தான். பையன் அதன் பொத்தான் கண்ணைக் கட்டைவிரலால் தடவி, இது மட்டும் ஏன் வேறு மாதிரி என்று கேட்டான். அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டு ஷுஹெய் படியேறினான். இந்த முறை ஓடவில்லை.

மேலே வந்தபோது இசை முடிந்திருந்தது. சகாகி தளத்தின் நடுவில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆந்தைகள் கொட்டின. பழுப்பு, வெள்ளை, சாம்பல், தொப்பி போட்டது, கண்ணாடி போட்டது. தொமோயே அக்கா வீசியது முதல் வரிசையில் ஒருவரின் தலையில் பட்டு, அவர் எடுத்து மறுபடி வீசி, ஒருவழியாக ஐஸ் சேர்ந்தது. அத்தனை ஆந்தைகளிலும் ஒற்றைக் கண் பொத்தானாக ஒன்றும் இல்லை.

ஷுஹெய் உட்கார்ந்தான். அரங்கம் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் அவன் மினோரி எப்போதும் உட்காரும் இடப்பக்கம் பார்த்தான், எப்போது தட்டலாம் என்று. அங்கே மடித்த போர்வை ஒன்று மட்டும் இருந்தது.

கூட்டம் கலைந்தது. தொமோயே அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்ச ஆரஞ்சுகளை அவன் பையில் திணித்தார். எல்லாருடைய ஆந்தையும் பறந்துவிட்டதால் அவனை மன்னித்திருந்தார்.

"ஒன்னோடது எங்க?"

"அந்தப் பையன்கிட்டயே குடுத்துட்டேன்."

"நல்லதுதான்."

"நல்லது இல்ல, அக்கா." அவன் குரல் முதன்முறையாக உடைந்தது. "மினோரிக்கு சகாகின்னா உயிரு. எனக்கு இதெல்லாம் எதுவும் புரியாது, அவளுக்காகத்தான் இத்தன வருஷமும் குளிர்ல வந்து உக்காந்தேன். கடைசியா அவ கேக்காமலே கேட்ட ஒண்ணு. அதையும் செய்யாம விட்டுட்டேன்."

தொமோயே அக்கா பையைக் கீழே வைத்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன ஒளர்ற? 'எனக்கு இந்தக் கண்றாவி ஒண்ணும் புரியல அக்கா, ஆனா எங்க வீட்டுக்காரருக்கு சகாகின்னா உயிரு, அதான் குளிரத் தாங்கிக்கிட்டு பின்னிக்கிட்டு உக்காந்திருக்கேன்'னு அவ வருஷா வருஷம் என்கிட்டப் பொலம்புவாளே."